கதவைத் திறந்தவள்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது கிழக்கு லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில், ஒரு தமிழ்க் கடையில், முருங்கைக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நானாகக் கற்பனை செய்திருந்தால் இதைவிடக் கௌரவமான ஒரு குற்றத்தைத் தேர்ந்தெடுத்திருப்பேன்.

சதாசிவம் அண்ணை குட்மேய்ஸில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருப்பவர். பெற்றோல் நிலையம் ஒன்றில் கல்லாவில் வேலை. அன்று என்னைக் கண்டதும் சுகம்கூட விசாரிக்காமல் கேட்டார்.

"தம்பி, நீர் எழுதுற வாசிக்கிற ஆள். டிவி லைசென்ஸ் எடுக்காமல் பிடிபட்டால் ஒரு பிள்ளை டொக்டராக ஏலாதோ?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

2004 ஒக்டோபர் அது. பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை அந்தக் கேள்வியையே யோசித்தேன். ஒரு சின்னக் குற்றத்துக்கும் ஒரு பெரிய ஆசைக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது? அறியும் ஆவல்தான் முதலில் வந்தது. கதை எழுதும் எண்ணம் பின்னால்தான்.

2

முதல் தொடக்கம்:

பெப்ரவரியின் ஒரு சாம்பல் நிறப் பிற்பகலில், ஓயாத தூறலில் நனைந்தபடி ஒரு மனிதன்

விட்டுவிட்டேன். லண்டன் கதை மழையில்தான் தொடங்கவேண்டும் என்று எங்கே சட்டம் இருக்கிறது? அந்தப் பிள்ளை வான்மதியிடம் கேட்டேன். அன்று நல்ல வெயிலாம்.

இரண்டாவது தொடக்கம்:

குற்றவாளியின் பெயர் வான்மதி சதாசிவம், வயது பதினெட்டு

இது நீதிமன்றக் குரல். அடித்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

வான்மதி சதாசிவம் அண்ணையின் ஒரே மகள். பள்ளியில் ஏ லெவல் கடைசி வருடம். பதினெட்டு வயது அப்போதுதான் முடிந்திருந்தது. அந்தப் பெப்ரவரிப் பிற்பகலில் அழைப்பு மணி அடித்தபோது அவள் மேல்மாடியில் படித்துக்கொண்டிருந்தாள். வேலையால் வந்த தகப்பன் டிவியில் தமிழ்ச் சனலுக்கு முன்னால் சாப்பாட்டுக் கோப்பையோடு இருந்தார். திரைச்சீலையை விலக்கிப் பார்த்துவிட்டுக் குரல் கொடுத்தார்.

"பிள்ளை, ஆரோ வெள்ளைக்காரன் நிக்கிறான். நீ போய்க் கதை. உனக்குத்தான் இங்கிலீஸ் வடிவா வரும்."

அந்த வீட்டில் அதுதான் வழக்கம். பாங்க், கவுன்சில், எல்லாவற்றுக்கும் வான்மதிதான். தாய் நீலவேணியின் வயிற்றில் கட்டி வந்தபோது, சேர்ஜன் சொன்னதைத் தமிழில் அம்மாவுக்குச் சொன்னதும் அவள்தான். அப்போது அவளுக்குப் பதினொரு வயது. "நான் சொன்னாப் பிறகு அம்மா பயப்பிடுறதை நிப்பாட்டினவ. அண்டைக்குத்தான் இந்த டொக்டர் வேலையை எனக்குப் பிடிச்சது" என்றாள் என்னிடம்.

வாசலில் நின்றவர், லைசென்ஸ் பரிசோதிக்க வந்தவர், மரியாதையாகத்தான் கேட்டார். இங்கே டிவி இருக்கிறதா? இருக்கிறது. பார்ப்பீர்களா? பார்ப்போம். லைசென்ஸ்? அவள் திரும்பிப் பார்த்தாள். முன்னறைக் கதவு சாத்தியிருந்தது. "இருக்கோ தெரியேல்லை" என்பதை ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் பெயர் கேட்டார், வயது கேட்டார், எதையோ வாசித்துக் காட்டினார், கையெழுத்து வாங்கினார், நன்றி சொல்லிப் போனார்.

[இடையில் ஒரு குறிப்பு. இந்த நாட்டில் டிவி பார்க்க வருடாவருடம் காசு கட்டி லைசென்ஸ் எடுக்கவேண்டும்; அது இல்லாமல் பார்ப்பது வெறும் கடன்பாக்கி இல்லை, குற்றம். மஜிஸ்ட்ரேட் நீதிமன்றத்துக்குப் போகும். வீட்டில் ஐந்து பேர் பார்த்தாலும், கதவைத் திறந்து பதில் சொன்னவரின் பெயரில்தான் பெரும்பாலும் வழக்கு வரும். உங்களைப் போலவே நானும் இதை நம்பவில்லை.]

அழைப்பாணை அவள் பெயருக்கு வந்தது.

"குற்றமெண்டு ஒத்துக்கொண்டு தபாலில அனுப்பிவிடு பிள்ளை. கோட்டுக்குப் போனால் எனக்கு ஷிப்ட் போயிடும்" என்றார் தகப்பன். அவள் அப்படியே செய்தாள். அபராதத்தை அவர் கட்டினார், லைசென்ஸும் எடுத்தார். விஷயம் முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

3

இங்கே எனக்கு ஒரு சிக்கல். சதாசிவம் அண்ணையை நான் நம்பவில்லை. மனிதரை அல்ல, பாத்திரத்தை.

முதல் பிரதியில் அவரைக் கோழையாக எழுதினேன். திரைச்சீலைக்குப் பின்னால் சோற்றுக் கையோடு ஒளிந்திருக்கும் தகப்பன். எழுதச் சுலபமாக இருந்தது, அதனாலேயே சந்தேகம் வந்தது. இரண்டாவது பிரதியில் அவரை மொழி தெரியாத அப்பாவி அகதியாக்கினேன். என் மனைவி வாசித்துவிட்டுக் கண் கலங்கினாள். அதுவும் பிழை. தினமும் நூறு ஆங்கிலேயருக்குப் பெற்றோலும் சிகரெட்டும் விற்பவர் அப்பாவி இல்லை.

நேராகவே போய்க் கேட்டேன். "ஏன் அண்ணை, நீங்கள் எழும்பிப் போகேல்லை?"



"லைசென்ஸ் இல்லையெண்டு எனக்குத் தெரியும் தம்பி. அவளுக்குத் தெரியாது. தெரியாத ஆள் போனால் பொய் சொல்லத் தேவையில்லையெண்டு நினைச்சன்."

இதைக் கேட்டபின் இரண்டு வாரம் நான் ஒரு வரியும் எழுதவில்லை. இது கோழைத்தனமா? தந்திரமா? மகளின் வாயில் பொய் வராது என்பதில் ஒரு தகப்பனுக்கு இருந்த கோணலான பெருமையா? இப்படி ஒரு வசனத்தை நான் கற்பனையில் எழுதியிருக்கமாட்டேன்.

4

ஏ லெவல் முடிந்து ஒரு வருடம் மருந்துக்கடையில் வேலை செய்தபடி வான்மதி மருத்துவத்துக்கு விண்ணப்பித்தாள். குற்றத் தீர்ப்பு ஏதும் உண்டா என்று அதில் கேட்டிருந்தது. மற்றப் படிப்புகளுக்கு எப்படியோ, நோயாளிகளைத் தொடும் படிப்புக்குச் சின்னதையும் பழையதையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்று அவள் வாசித்து அறிந்திருந்தாள்.

அந்தக் கிழமைதான் சதாசிவம் அண்ணை என்னைக் கடையில் பிடித்தது. என்னை மட்டுமல்ல, பெற்றோல் அடிக்க வந்தவர்களையும் கேட்டிருக்கிறார். நீலவேணி அக்காவின் தம்பி குகநாதன், மினிகாப் ஓட்டுபவர், அடித்துச் சொன்னார்: "இது பொலிஸ் கொம்பியூட்டரில நிக்காது அத்தான். பேசாமல் விடுங்கோ." ஃபாரஸ்ட் கேட்டில் டாக்டராக இருக்கும் லலிதா, சென்னைக்காரர், வான்மதியிடம் வேறு மாதிரிச் சொன்னார்: "ஆமா, நிக்காதுதான். ஆனா கேட்டிருக்காங்களேம்மா. நாளைக்கு நீ ஒரு நோயாளிக்குத் தப்பா மருந்து குடுத்துட்டா, அதைச் சொல்வியா மாட்டியான்னுதான் அவங்க பார்க்கிறாங்க. டிக் பண்ணிடு."

நீலவேணி அக்கா இரண்டு பேரையும் கவனிக்கவில்லை. புருஷனைத்தான் கேட்டா.

"டிவி பாக்கிறது நீங்கள். பேர் கெடுறது அவளுக்கோ?"

கேட்டுவிட்டு டிவியின் வயரைக் கழற்றி, அதன்மேல் ஒரு கட்டில் விரிப்பைப் போட்டு மூடிவிட்டா. லைசென்ஸ் உள்ள டிவி! மாரிகாலம் முழுக்க அந்த வீட்டில் ஒருவரும் அதைத் திறக்கவில்லை.

வான்மதி டிக் போட்டாள்.

நான்கு இடங்களுக்கு விண்ணப்பித்ததில் மூன்று, நேர்முகத்துக்கும் கூப்பிடாமலே மறுத்தன. காரணம் சொல்லவில்லை. அந்த டிக்காக இருக்கலாம். கெமிஸ்ட்ரியில் எடுத்த பி கிரேடாகவும் இருக்கலாம். இந்த இடத்தில் ஒரு நல்ல கதாசிரியன் காரணத்தைக் கண்டுபிடித்துத் தந்திருப்பான். எனக்குத் தெரியாது.

நாலாவது இடம் கூப்பிட்டது.

5

நேர்முகத்தன்று காலை சதாசிவம் அண்ணை கோட் சூட் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

"நீங்கள் எங்கை?"

"நானும் வாறன். டிவி என்ரையெண்டு நானே சொல்லுறன்."

"அப்பா, ப்ளீஸ். இது பள்ளிக்கூடத்துப் பரென்ட்ஸ் ஈவினிங் இல்லை."

"ஒரு வசனம்தானே பிள்ளை. பாடமாக்கி வைச்சிருக்கிறன்."

ரயில் முழுக்க உதடு அசைய அந்த வசனத்தைச் சொல்லிக்கொண்டே வந்தாராம். பல்கலைக்கழக வாசலில் அவள் நின்றாள்.

"நீங்கள் அந்த அறைக்குள்ள வந்தால் நான் எழும்பி வெளியில போயிடுவன். சத்தியமா."

அவர் நடைபாதையில் ஒரு கதிரையில் இருந்துவிட்டார்.

உள்ளே மூன்று பேர். ஏன் மருத்துவம், மருந்துக்கடையில் என்ன கற்றாய் என்றெல்லாம் கேட்டார்கள். கடைசியில், மூக்குக்கண்ணாடி போட்ட அம்மா ஒருவர் தாளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இந்த டிவி விஷயம். அது யாருடைய டிவி?"

இதுவரைக்கும்தான் வான்மதி எனக்குச் சொன்னாள்.

யோசித்துப் பாருங்கள். ஒளிக்காமல் சொன்னதற்காகத்தான் அவளை மதித்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். இப்போது முழு உண்மையைச் சொன்னால் வெளியே இருக்கிற தகப்பனைக் காட்டிக்கொடுக்கிறாள், அதோடு பழியைத் தள்ளுகிறவளாகவும் தெரிவாள். ‘என்னுடையது’ என்றால் நன்றாக இருக்கும், ஆனால் அது பொய்.

நான் எழுதிப் பார்த்தவை:

அ) "அப்பாவுடையது. அன்றைக்கு அவர் அறைக்குள் இருந்தார்."

ஆ) "எங்கள் வீட்டுடையது. நானும் பார்த்தேன்." (கெட்டித்தனமான பதில். அவளுடையதைவிட என்னுடைய பதில் மாதிரி இருக்கிறது.)

இ) கதவு திறக்கிறது, சதாசிவம் அண்ணை கோட் சூட்டோடு உள்ளே வந்து தன் வசனத்தைச் சொல்

இல்லை. அனுபவித்து இரண்டு பக்கம் எழுதினேன். நடக்கவில்லை. அவர் கதிரையை விட்டு அசையவில்லை.

6

அவள் வெளியே வந்ததும் அவர் எழும்பினார்.

"டிவியைப் பற்றிக் கேட்டவங்களோ?"

"ஓம்."

"என்ன சொன்னனீ?"

"ட்ரெயினுக்கு நேரமாச்சு, வாங்கோ அப்பா."

மார்ச்சில் இடம் கிடைத்தது. நான் இதை எழுதும் 2009இல் வான்மதிக்கு இறுதி வருடம். ஆக, கடையில் கேட்ட கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது: ஏலும். ஒரு பிள்ளையை வைத்து எல்லோருக்கும் சொல்ல முடியாது, என்றாலும் இந்தப் பிள்ளைக்கு ஏலுமாக இருந்தது.

ஆனால் என் ஆவல் இடம்மாறிவிட்டது: அந்த அறைக்குள் அவள் என்ன சொன்னாள்? சதாசிவம் அண்ணை எனக்குச் சொன்னார்: "அவள் என்னைத்தான் சொல்லியிருப்பாள் தம்பி. உண்மை சொன்னபடியால்தான் இடம் குடுத்தவங்கள். கடைசியில என்ரை பேராவது அவளுக்கு உதவினது." சொல்லும்போது முகம் மலர்ந்திருந்தது. தன்னை மகள் காட்டிக்கொடுத்தாள் என்பதை வைத்துத்தான் அந்த மனிதர் இந்த நாலு வருடமும் நிம்மதியாக நித்திரை கொள்கிறார்.

நீலவேணி அக்காவோ, அவர் தேத்தண்ணி போட எழும்பிப் போன பிறகு, மெல்லச் சொன்னா: "இவர் சும்மா சொல்லுறார். அவள் தகப்பனை விட்டுக்குடுக்கமாட்டாள். எனக்குத் தெரியும்."

வட லண்டன் எட்மண்டனில் ஓர் ஆசுப்பத்திரியில் பயிற்சியில் இருந்த வான்மதியைக் கன்டீனில் சந்தித்துக் கேட்டேன். அவள் சாண்ட்விச்சைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு பேரும் சந்தோசமா இருக்கினம்தானே அங்கிள்?"

"ஓம்."

"பிறகேன் கேக்கிறியள்?"

அதற்குமேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதனால் அந்தப் பக்கம் இப்படித்தான் நிற்கிறது: கண்ணாடி போட்ட அம்மா கேட்டுவிட்டார். வான்மதி மூச்சை இழுத்து, நிமிர்ந்து,

"

மிச்சத்தை நீங்கள் எழுதலாம். உங்களுக்குச் சரியென்று பட்டதையே எழுதுங்கள். ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருங்கள்: இந்தப் பத்திரிகை குட்மேய்ஸுக்கும் போகிறது. சதாசிவம் அண்ணை இதை வாசிப்பார். நீலவேணி அக்கா அவருக்குப் பின்னால் நின்று, தோளுக்கு மேலால் வாசிப்பா.