முகம் தெரியும் பலகை

பெயிண்டருக்கு ஊர் ஊராகப் போனால்தான் பிழைப்பு. காண்டிராக்டர் எங்கே கட்டடம் பிடிக்கிறாரோ, அங்கே பெட்டி படுக்கையோடு குடும்பமும் போகும். மகள் பொடிசு மூன்றாவது பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது, பாடம் எட்டவில்லை என்று அவளைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வைத்தார்கள். முட்டி இடிக்கிற பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தவள், நாளாக ஆக வீட்டிலும் வாயைத் திறக்காமல் போனாள்.

"போதும். இனி வீட்டிலேயே நான் சொல்லித் தரேன். வருஷக் கடைசியில பரீட்சைய மட்டும் போய் எழுதட்டும்" என்று பெயிண்டரின் மனைவி முடிவு கட்டினாள். பள்ளிப் படிப்பை ஒழுங்காக முடித்தவள் அந்த வீட்டில் அவள் ஒருத்திதான்.

பெயிண்டரின் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "படிப்பு என்ன, சோறாக்குற வேலையா, வீட்டுக்குள்ளயே முடிக்க? புள்ளைய எங்கிட்ட அனுப்புடா" என்று போனில் பிடித்துக்கொண்டாள். அக்கா வீட்டில் ஒரு கடையும் இரண்டு கைக்குழந்தைகளும் உண்டு. பொடிசு அங்கே போனால் புத்தகத்தைவிடப் பால் புட்டியைத்தான் அதிகம் பிடிப்பாள் என்று பெயிண்டருக்குத் தெரியும். ஆனால் அவனை வளர்த்தவள் அக்கா.

"ஞாயித்துக்கிழமை வரேன். வீட்டுல பாடம் நடக்குறது என் கண்ணுக்குத் தெரிஞ்சா விட்டுட்டுப் போறேன். இல்லேன்னா கூட்டிட்டுத்தான் போவேன்" என்றாள்.

பெயிண்டர் தலையை ஆட்டினான். போனில் தலையாட்டினால் தெரியாது என்று உறைத்து, "சரிக்கா" என்றும் சொன்னான்.

மனைவி சண்டை போடவில்லை. "ஒரு நாள் கூலிய எடுத்து வைங்க. கடைக்குப் போகணும்" என்றாள்.

கடைக்காரர் ஆள் பார்த்துப் பேசத் தெரிந்தவர். முதலிலேயே பெரிய டப்பா ஒன்றைத் தூக்கி வைத்தார். பிளாஸ்டிக் எழுத்து, உருண்டை உலகம், பூதக்கண்ணாடி. "வீட்டுல படிக்கிற புள்ளைக்குன்னே வந்தது தங்கச்சி. எல்லாம் இதுலயே இருக்கு."

"எல்லாம் எங்களுக்கு வேணாம்ணே. எழுதினாத் தெரியணும், அழிச்சாப் போகணும். அது போதும்."

கட்டம் போட்ட நோட்டு ஒன்று, கோடு போட்டது இரண்டு, பென்சில், ரப்பர், சாக்பீஸ் பெட்டி. நோட்டைப் புரட்டி, மறுபக்கம் மை ஊறுமா என்று கடைக்காரரின் பேனாவாலேயே ஒரு மூலையில் கிறுக்கிப் பார்த்தாள். ஸ்கேலை எடுத்த பெயிண்டரின் கையைத் தட்டினாள். "உங்க இஞ்ச் டேப் என்ன பண்ணுது?" பாடப் புத்தகம் பழைய பேப்பர் கடையில் எடைக்குக் கிடைத்தது. பக்கம் பக்கமாகப் பார்த்து, கிழிந்ததைத் தள்ளினாள். கடைக்காரன் தராசைப் பிடித்தபடி, "எடைக்குப் போடறதைப் படிச்சுப் பார்த்து வாங்குற ஆளை இப்பதான் பாக்குறேன்" என்றான்.

கரும்பலகை விலையைக் கேட்டதும் இருவரும் சேர்ந்தே நகர்ந்தார்கள். "பெயிண்டர் காசு குடுத்து போர்டு வாங்கினான்னா தொழில்ல என்னைத் துப்புவாங்க" என்றான் அவன்.

வேலை நடந்த இடத்தில் கழித்துப்போட்ட அலமாரிக் கதவு ஒன்று கிடந்தது. அதைக் கேட்டு வாங்கித் தோளில் போட்டு வந்தான். ஒரு பணக்கார வீட்டு இரும்பு கேட்டுக்கு அடித்ததில் மிஞ்சிய கறுப்பு எனாமல் அரை டின், நல்ல நாளுக்கென்று அவன் பத்திரப்படுத்தியது. பட்டி பார்த்தான், தேய்த்தான், ப்ரைமர் அடித்தான். வேலை முடிந்து வந்து தினம் ஒரு கோட். தூசி விழாமலிருக்க, அவன் அடிக்கும்போது யாரும் கூட்டக்கூடாது, துணி உதறக்கூடாது. பொடிசு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். கடைசி கோட் காய்ந்ததும் பலகையில் முகம் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். கையில் பெரிய பை, காலியாக. பொடிசின் துணிமணிக்கென்று கொண்டுவந்தது. யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்தது.

"எங்க, நடத்து பாப்போம்" என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

மனைவி சாக்பீஸை எடுத்து எழுதினாள். வழுக்கியது. அழுத்தினாள். கீச்சென்று ஒரு சத்தம், சாக்பீஸ் ஒடிந்தது, பலகையில் ஒன்றும் இல்லை. அவள் திரும்பிப் புருஷனைப் பார்த்த பார்வையில் எல்லாம் இருந்தது.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "புள்ளைக்குத் தலைசீவ நல்லா இருக்கும்டா!" சிரித்து முடித்து எழுந்தாள். பலகையைக் கையால் தடவிப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. "ஆனா தம்பி, வேலைன்னா இது வேலை. இப்படி ஒரு வழவழப்ப நான் பாத்ததில்ல. பத்திரமா சுவத்துல மாட்டி வை." பிறகு பையை உதறி விரித்தாள். "பொடிசு, உன் துணியெல்லாம் எங்க?"

தூரிகை பிடித்த நாளிலிருந்து அக்கா அவன் வேலையை ஒரு சொல் மெச்சியதில்லை. பெயிண்டர் பலகையைப் பார்த்தபடி நின்றான். பொடிசு அசையவில்லை.

அவன் போய்க் கருவிப் பையைக் கவிழ்த்தான். இருப்பதிலேயே சொரசொரப்பான உப்புத்தாளை எடுத்தான்.

"ஏய், என்னடா பண்ற?"

"உக்காருக்கா."

முதல் இழுப்பில் கண்ணாடிக்குக் குறுக்கே சாம்பல் கோடு விழுந்தது. அவனுக்கே பல் கூசியது. நிறுத்தவில்லை. கறுப்புத் தூள் பறந்து அக்காவின் புடவையில் படிந்தது. அவள் திட்டிக்கொண்டே நகர்ந்தாள், பஸ் போய்விடும் என்றாள், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை என்றாள். மனைவி டீ போடப் போனாள். பொடிசு ஒரு துண்டு உப்புத்தாளை எடுத்துக்கொண்டு கீழ் மூலையில் தேய்க்க ஆரம்பித்தாள்.

பலகை செத்துப்போன நிறத்துக்கு வந்தது. ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, சாக்பீஸைப் படுக்கவைத்து முழுக்க ஒருமுறை தேய்த்து அழித்தான். மனைவி எழுதினாள். பிடித்தது. ஒரு கழித்தல் கணக்கு. பொடிசு போய் விடையை எழுதினாள், தப்பாக.

"தப்பு" என்றாள் அக்கா உடனே.

"தப்பில்ல அத்தை, கடன் வாங்க மறந்துட்டேன்" என்று பொடிசு அழித்தாள். அழித்தது போயிற்று. சரியாக எழுதினாள். வீட்டில் அவள் இவ்வளவு பேசி நாளாகிவிட்டது.

அக்கா டீயைக் குடித்து முடித்தாள். காலிப் பையை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்தாள். "பரீட்சை முடியட்டும், மார்க்கைப் பாக்குறேன்" என்று செருப்பை மாட்டினாள். பஸ் ஏற்றிவிட்டு வந்த பெயிண்டர், பலகை முன்னால் நின்று கீறல்களை விரலால் தடவினான். டின்னில் இன்னும் கொஞ்சம் எனாமல் இருந்தது. கை தானாகத் தூரிகைப் பக்கம் போயிற்று.

"தொட்டீங்க, தெரியும்" என்றாள் மனைவி, தலையைத் திருப்பாமலே, அடுத்த கணக்கை எழுதிக்கொண்டு.