கட்டணமில்லாத பதினைந்து டாலர்

1.

ஒஹையோவில் ஒரு பெட்ரோல் பங்க். எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் கார்டை இயந்திரம் ஏற்க மறுத்தது. அவள் அதை ஆங்கிலத்தில்தான் திட்டினாள், என் காதில் தமிழில் விழுந்தது. இந்தக் கதை அங்கே பிறந்தது.

அவளுக்கு ரோண்டா என்று பெயர் வைத்தேன். முதியோர் இல்லத்தில் சமையல் வேலை. மணமுறிவுக்குப் பிறகு மகள் வில்லா தகப்பனிடம் வளர்கிறாள். வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குள் போய் அழைத்துக்கொண்டால் வார இறுதி ரோண்டாவுக்கு. தாமதித்தால் கிடையாது. நீதிபதியின் உத்தரவு.

2.

[முதல் தொடக்கம்: "வானம் இருண்டு…" பொய். வெயில் அடித்தது.]

[இரண்டாவது: "வங்கிகள் ஏழைகளின்…" இது கட்டுரை. அடித்துவிட்டேன்.]

மூன்றாவது: வெள்ளி மாலை. வண்டியின் முள் சிவப்பில், கணக்கில் நான்கு டாலர், சம்பளம் அடுத்த வாரம். ஆனாலும் ரோண்டா தைரியமாகத்தான் வந்தாள். கணக்கு காலியானாலும் ஐம்பது டாலர் வரை குறைகிற பணத்தைத் தாங்களே போட்டுக்கொள்வதாகவும், அதற்கு அபராதம் ஒரு காசு கிடையாது என்றும், சம்பளம் விழுந்ததும் தங்கள் பணத்தை முதலில் எடுத்துக்கொள்வதாகவும் வங்கி சொல்லியிருந்தது. அவளுக்குப் பதினைந்து டாலர் பெட்ரோல் போதும். கார்டைத் தேய்த்தாள். மறுத்தது. மறுபடியும் மறுத்தது.

3.

இங்கே எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. உள்ளே போய்க் கேட்டால் என்ன? கேட்கமாட்டாள். வரிசையில் நிற்பவர்கள் காதுபட "கார்டு ஓடல" என்று சொல்வதற்குப் பதில் அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டே போவாள். ஆகவே அவள் வண்டியைக் கிளப்பி…

(இதை எழுதி முடித்தால் நடுவழியில் நின்றுவிடுவாள்.)

ஒலிபெருக்கி கரகரத்தது. "மூணாம் நம்பர்ல நிக்கிற பொண்ணு, உள்ள வாம்மா." காசாளர் ஜோலீன்.

முகம் சிவக்க உள்ளே போனாள்.

"எவ்வளவுக்கு?"

"பதினஞ்சு. பேங்க்காரன் கவுத்துட்டான், அக்கா."

"அவன் கவுக்கல. நீ எவ்வளவு போடுவேன்னு வெளில இருக்குற மிஷினுக்குத் தெரியாது. முன்னாடியே நூறு டாலரைப் புடிச்சு வெக்கப் பாக்கும். உன் பேங்க் நூறுக்குத் தாங்குமா?"

"அம்பதுக்குத்தான்."

"அப்போ இங்க தேய். இந்த மிஷின் பதினஞ்சு மட்டும் கேக்கும்."

பின்னாலிருந்து ஒரு லாரிக்காரர், "பதினஞ்சா? வண்டிக்கு மோந்து பாக்கக் குடுக்கவா?"

"நீ உன் சிகரெட்டுக்குக் காசை எடு," என்றாள் ஜோலீன்.

கார்டு ஓடியது. கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே பதினொரு டாலர். ரோண்டா நன்றி சொல்ல மறந்து ஓடினாள்.

4.

முடிவு ஒன்று: நேரத்துக்குப் போய்ச் சேர்கிறாள். (எழுதினேன். நம்ப முடியவில்லை.)

முடிவு இரண்டு: நேரமாகிவிட்டது. (எழுதினேன். கை கூசியது.)

இப்போது ரயில்வே கேட் மூடியிருக்கிறது. சரக்கு ரயில் முடிகிற வழியாக இல்லை. தண்டவாளத்துக்கு அப்பால் மூன்று தெரு தள்ளி, வில்லா ஷூ மாட்டிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள். கதவோரம் தகப்பன் மணி பார்க்கிறான். கெட்டவன் இல்லை, கறாரானவன். எனக்குப் பயமாக இருக்கிறது.

என் கணக்கும் காலி. இருந்த வார்த்தைகளைப் பெட்ரோல் பங்க்கிலேயே செலவழித்துவிட்டேன். மிச்சத்தை நீங்கள்தான் போட்டுக்கொள்ள வேண்டும். அபராதம் கேட்காதீர்கள்.

கடைசிப் பெட்டி எப்போது கடக்கும் என்பது உங்கள் கையில். சீக்கிரம் சொல்லுங்கள். தகப்பன் வில்லாவை உள்ளே கூப்பிடுகிறான். அவள் இன்னும் எழுந்திருக்கவில்லை.