தலையணை தாங்குவார்

அந்தப் பெண்ணுக்குப் பதினைந்து வயது. ஏற்கெனவே இரண்டு ஆலோசகர்களைப் பார்த்தாகிவிட்டது. அதாவது, அவர்கள் அவளைப் பார்த்தார்கள். அவள் சன்னலைப் பார்த்தாள். மூன்றாவதாக அம்மா இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தியது ஆறாவது மாடியில் இருந்த இந்த ஆலோசகரின் அறையில்.

"ஸ்கூலுக்குப் போய் ஏழு வாரம் ஆச்சு மேடம். காலையில எழுப்பினா வயித்து வலிங்கிறா. பத்து மணி அடிச்சா வலி தானா பறந்துடுது" என்று அம்மா மூச்சுவிடாமல் சொன்னாள்.

பள்ளி ஆண்டு விழாவை மகள்தான் தொகுத்து வழங்கினாளாம். 'தலைமையாசிரியர் தலைமை தாங்குவார்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் மைக்கில் கணீரென்று, 'தலைமையாசிரியர் தலையணை தாங்குவார்' என்று சொல்லிவிட்டாள். அரங்கமே அதிர்ந்தது. தலைமையாசிரியரும் சேர்ந்து சிரித்தார். மறுநாள் யாரோ அவள் பெஞ்சில் நிஜமாகவே ஒரு தலையணையைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள், உறையோடு.

ஆலோசகர் கன்னத்தின் உட்புறத்தைக் கடித்துக்கொண்டார். அப்படியும் உதடு துடித்துவிட்டது. அந்தப் பெண் அதைக் கவனித்துவிட்டாள்.

"சிரிங்க. எல்லாரும்தான் சிரிச்சாங்க."

அன்று அவள் பேசியது அவ்வளவுதான். ஆலோசகருக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை ஆலோசகர் முதலில் மன்னிப்புக் கேட்டார். பிறகு தன் கைவசமிருந்த பயிற்சி ஒன்றை எடுத்தார். ஒரே சொல்லை அரை நிமிடம் விடாமல் சொன்னால் அது வெறும் சத்தமாகிவிடும். குத்தும் முனை மழுங்கிவிடும்.

"ரெண்டு பேரும் சேர்ந்து தலையணைன்னு வேகமா சொல்லுவோமா?"

"நீங்களே சொல்லிக்கோங்க."

சரி என்று ஆலோசகர் தனியாகவே ஆரம்பித்தார். தலையணை, தலையணை, தலையணை. பத்து முறைக்குள் நாக்கு தடம்புரண்டு 'யணைதலை, யணைதலை' என்று ஓடியது. குரல் ஏற ஏற, கதவு திறந்தது. பக்கத்து அறைப் பல் மருத்துவரின் உதவியாளர் தலையை நீட்டினார்.

"யாருக்காவது மயக்கமா மேடம்? தலையணை கேட்டீங்களே."

அந்தப் பெண் சட்டென்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. ஆனால் திரும்பியபோது முகம் பழையபடி இறுகிக் கிடந்தது. கிளம்பும்போது ஆலோசகர், "பயம் போகட்டும்னு காத்திருக்காதே, அதையும் கூட்டிக்கிட்டுப் போ" என்று சொல்லி அனுப்பினார்.

மூன்றாம் வாரம், போய்ச் சேருவதை முடிந்தவரை தள்ளிப்போட நினைத்து, அம்மாவை லிஃப்டில் அனுப்பிவிட்டு அவள் படியேறினாள். நான்காவது மாடித் திருப்பத்தில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார் ஆலோசகர்.

"லிஃப்ட் ஓடுதே மேடம்?"

"உடம்புக்கு நல்லதும்மா."

"உங்களைப் பார்த்தா அப்படித் தெரியலையே."

ஆலோசகர் பொய்யை விட்டுவிட்டார். இருபத்திரண்டு வயதில் ஒரு லிஃப்டுக்குள் இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டது, அன்றிலிருந்து ஏறவேயில்லை என்பது, எல்லாவற்றையும் படியில் உட்கார்ந்தபடியே சொன்னார்.

அந்தப் பெண்ணின் கண் பளிச்சென்றது. ஒன்பது வாரத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் நல்ல செய்தி இது.

"பயத்தையும் கூட்டிக்கிட்டுப் போகணும்னு எனக்குச் சொன்னீங்க. வாங்க, போகலாம்."

"இப்பவா?"

"பின்ன, நாள் பார்த்தா?"

மறுக்க வழியில்லை. கீழே இறங்கி, இருவரும் லிஃப்டுக்குள் நுழைந்தார்கள். கதவு மூடியது. ஆலோசகர் கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டார்.

"மனசு என்ன சொல்லுது மேடம்?"

"கயிறு அறுந்துடும்ங்குது."

"அதை லிஃப்ட்ல பேசுற பொம்பள குரல்ல சொல்லுங்க."

ஆலோசகரால் வாயைத் திறக்க முடியவில்லை. அவளே தொண்டையைச் செருமிக்கொண்டு, தேன் தடவியது போன்ற குரலில் அறிவித்தாள்: "அன்பார்ந்த பயணிகளே, கயிறு அறுந்துகொண்டிருக்கிறது. தயவுசெய்து வரிசையாகவும் புன்னகையுடனும் விழவும்."

பல் கிட்டித்துக்கொண்டிருந்த ஆலோசகருக்கு அதே பல்லிடுக்கு வழியாகச் சிரிப்பு பீறிட்டது. அந்தப் பெண்ணும் வாய்விட்டுச் சிரித்தாள். கதவு திறந்ததும் எதிரே நின்ற அம்மா, கண்ணில் நீர் வழியச் சிரிக்கும் இரண்டு பேரையும் பார்த்துத் திகைத்துப்போனாள். யாருக்கு வைத்தியம் நடக்கிறது என்றே அவளுக்குப் புரியவில்லை.

அறைக்குள் வந்ததும் அந்தப் பெண் விசாரணையைத் தொடங்கினாள். "பயம் போச்சா?"

"இல்ல. முதுகெல்லாம் நனைஞ்சிருக்கு, பாரு."

"அப்ப இந்த வைத்தியம் வேலைக்கே ஆகாதே."

"ஆனா ஆறாவது மாடிக்கு வந்துட்டோமே."

அன்று அவள் சன்னலைப் பார்க்கவில்லை.

"நீ எங்க போகணும்னு ஆசைப்படுற?" என்று ஆலோசகர் மெதுவாகக் கேட்டார். "அம்மாவுக்காக இல்ல. உனக்காக."

அவள் நகத்தைக் கடித்தாள். பிறகு, திருட்டை ஒப்புக்கொள்வதுபோலச் சொன்னாள்: "மைக் கிட்ட."

முதல் வாரம் பள்ளி வாசல்வரை போய்த் திரும்பினாள். அடுத்த வாரம் இரண்டு பாடவேளை உட்கார்ந்தாள். "தலையணை வந்துட்டாடா!" என்று பின்பெஞ்சு கூவியது, காது சிவந்தது, ஆனாலும் உட்கார்ந்திருந்தாள். விளையாட்டு விழா நெருங்கியபோது, அறிவிப்பாளராகத் தன் பெயரைத் தானே எழுதிக் கொடுத்தாள். விழா அன்றைக்கு முதல் இரண்டு வரி குரல் நடுங்கியதாம். பந்தயம் முடியுமுன்பே முதலிடத்தை ஒருத்திக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாளாம். மைதானம் சிரித்தது. "மன்னிக்கணும், அவங்க இன்னும் ஓடிட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த அறிவிப்புக்குப் போய்விட்டாளாம்.

இதையெல்லாம் ஆலோசகரிடம் நின்றபடியே ஒப்பித்தாள். உட்கார நேரமில்லை.

"இனிமே வியாழக்கிழமை வர முடியாது மேடம். பேச்சுப் போட்டிக்கு ப்ராக்டீஸ் இருக்கு. தப்பா நினைச்சுக்காதீங்க."

"சே, எதுக்கு நினைக்கப்போறேன்?"

அவள் போய்விட்டாள். அடுத்த வியாழன் நான்கு மணிக்கு ஆலோசகருக்கு ஒரு மணி நேரம் சும்மா கிடைத்தது. டீ வரவழைத்துக் குடித்தார். சந்தோஷமாகத்தான் இருந்தது. கொஞ்சம் போரடிக்கவும் செய்தது.