மகாராணியின் தலையீற்று

மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவது என்ற முடிவோடுதான் அந்தச் சித்தாள் அன்று பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். டவுன் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்துவிட்டது. மறுநாளே சேர்த்துவிட வேண்டும். மதியத்தோடு வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள்; தலையில் இன்னும் சிமெண்டுத் தூசி இருந்தது.

பள்ளிக்கூடம் என்பது பேருக்குத்தான். ஒரு ஓட்டு வீடு, பின்னால் காய்கறிப் பாத்தி, கோழிக்கூண்டு, ஆட்டுக்கொட்டகை. ஆறு பிள்ளைகளுக்கு ஒரே டீச்சர். கட்டட வேலைக்குப் போகிற வழியில் விட்டுவிட்டுப் போகத் தோதாக இருக்கிறதே என்று போன வருஷம் குருவியை இங்கே சேர்த்தாள். மகளுக்கு அதுதான் பேராகிவிட்டது. எட்டு வயதுக்கு ஆறு வயது உடம்பு. சேர்த்த பிறகுதான் சங்கதி தெரிந்தது. புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் பிள்ளைகள் கொட்டகையைக் கூட்டிப் புழுக்கையை அள்ளி எருக்குழியில் கொட்ட வேண்டும். பாத்தி கொத்த வேண்டும், தண்ணீர் சுமக்க வேண்டும்.

"படிக்கலைன்னா ஆடு மேய்க்கத்தான் போவேன்னு ஊரே திட்டும். உன் மக பள்ளிக்கூடத்துல ஆடு மேய்க்கறதே படிப்பாமே! பட்டம் எப்ப குடுப்பாங்க?" என்று கலவை சுமக்கும் பெண்கள் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் சோறு இறங்கவில்லை. தன் கை செய்கிற வேலையை மகளின் கை செய்யக் கூடாது என்பதற்காகத்தான் இந்த உடம்பை இத்தனை நாள் வளைத்துக்கொண்டிருக்கிறாள்.

வகுப்பறையில் யாரும் இல்லை. கொட்டகைப் பக்கம் போனாள். ஆறு பிள்ளைகளும் மூச்சுக் காட்டாமல் நின்றிருந்தார்கள். வைக்கோல் மேல் மகாராணி கிடந்தது. பிள்ளைகள் குட்டியிலிருந்து வளர்த்த வெள்ளாடு. அதற்கு இது தலையீற்று, முதல் பிரசவம். டீச்சர் அதன் பின்னால் மண்டியிட்டிருந்தாள்.

"காலையிலேருந்து முக்குது, ஒண்ணும் நகரல. மாட்டு டாக்டர் பொழுது சாய்ஞ்சுதான் வர முடியுமாம்" என்றாள் டீச்சர், தலையைத் தூக்காமல். "என் கையைப் பாருங்க. விட்டா விரல் மடங்க மாட்டேங்குது."

டீச்சரின் விரல் மூட்டுகள் இஞ்சிக் கிழங்கு மாதிரி வீங்கியிருந்தன.

எதற்கு வந்தோம் என்பதைச் சித்தாள் மறந்துபோனாள். சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். "தள்ளுங்க டீச்சரம்மா" என்று உட்கார்ந்தாள். கை பாதிகூடப் போகவில்லை, ஆடு அலறியது. போன மட்டும் விரலுக்கு எதுவும் தெரியவில்லை. மூக்கா, குளம்பா, எலும்பா? விரல் நுனிகளைச் சிமெண்டு தின்று எத்தனையோ காலமாயிற்று. சூடான கலத்தை வெறுங்கையால் இறக்கிவைத்துவிட்டு அதையே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறவள் அவள். இப்போது அந்தக் கை மரக்கட்டையாகத் திரும்பி வந்தது.

"அம்மா, என் கை சின்னதும்மா."

"வாயை மூடு. நீ பையை எடுத்துட்டுக் கிளம்பற வழியைப் பாரு."

டீச்சர் நிமிர்ந்தாள். "உங்க பொண்ணு. நான் கேக்க மாட்டேன். ஆனா டாக்டர் வர்ற வரைக்கும் இது தாங்காது."

மகாராணி கழுத்தை நீட்டிப் பல்லைக் கடித்தது. அந்தப் பல்கடிப்பு சித்தாளுக்குத் தெரியும். குருவியைப் பெற்றபோது கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அவளும் அப்படித்தான் கடித்தாள்.

"போ. முழங்கை வரைக்கும் கழுவிட்டு வா" என்றாள்.

குருவியின் கை வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"மூக்கு இருக்கு டீச்சர். ஒரு காலு இருக்கு. இன்னொண்ணைக் காணோம்."

"இருக்கறது முன்னங்காலா, பின்னங்காலா?"

குருவி உள்ளேயே காலை மடக்கிப் பார்த்தாள். "மூட்டு ரெண்டும் ஒரே பக்கம் மடங்குது. முன்னங்கால்."

இதை எங்கே படித்தாள் என்று சித்தாளுக்கு விளங்கவில்லை. கொட்டகையில் நிற்கிற ஆட்டின் காலைத் தினமும் மடக்கிப் பார்த்துப் படித்ததுதான்.

"அது முக்காத நேரமாப் பாத்துத் தலையை மெல்ல உள்ள தள்ளு. இடம் கிடைக்கும். காணாமப் போன காலைத் தேடு. குளம்பு கிடைச்சா உள்ளங்கையில மூடிக்கோ. இல்லைன்னா தாய் ஆட்டைக் கிழிச்சிடும்."

ஆடு முக்கும்போதெல்லாம் குருவியின் மணிக்கட்டு நெரிபட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். சித்தாள் அவள் முதுகைத் தாங்கிப் பிடித்திருந்தாள். "வந்திடுச்சு" என்றாள் குருவி கடைசியில். அப்புறம் டீச்சரும் சித்தாளும் சேர்ந்து இழுத்தார்கள்.

குட்டி முழு உருவாக வந்து விழுந்தது. ரொம்பப் பெரிய குட்டி. நாக்கு வெளியே நீலமாகத் தொங்கியது. டீச்சர் மூக்கைத் துடைத்தாள், வைக்கோலால் தேய்த்தாள், பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாக ஆட்டினாள். அது ஈரத்துணி போல ஆடியது. கீழே வைத்துவிட்டாள்.

மகாராணி தலையைத் திருப்பி அதை நக்க ஆரம்பித்தது. அதைத்தான் பிள்ளைகளால் பார்க்க முடியவில்லை.

"ஏன் டீச்சர் செத்துப்போச்சு?" என்றாள் குருவி.

"அதோட விதி அவ்வளவுதான். வாடி" என்றாள் சித்தாள் அவசரமாக. சொன்ன வாய் கசந்தது. அந்த வார்த்தை மேஸ்திரியுடையது. அஸ்திவாரக் குழியில் அவள் புருஷன் மேல் மண் சரிந்த அன்று, "ஏன்யா பலகை வெச்சு முட்டுக் குடுக்கல?" என்று அவள் கேட்டதற்கு மேஸ்திரி சொன்ன பதில். விதிம்மா, யார் என்ன பண்ண முடியும். அதற்கு மேல் அவளுக்கு யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

டீச்சர் ஆட்டின் விலாவைத் தடவிப் பார்த்தாள். "குட்டி ரொம்பப் பெருசு. ஆடும் கொழுத்துப் போயிருக்கு. நான் போடற தீனிக்கு இப்படி ஆகாது. யாராவது தனியா ஏதாவது குடுத்தீங்களா?"

குருவி இன்னும் கழுவாத கையைத் தூக்கினாள். "நான் என் டப்பா ரொட்டியைக் குடுத்தேன். தினம் பாதி. அது சினையா இருந்துச்சுல்ல?"

"நானும்" என்றது இன்னொரு பிள்ளை. "நானும் டீச்சர்." ஆறு கையும் மேலே நின்றது. ஆறு பேருமே நான் மட்டும்தான் கொடுக்கிறேன் என்று நினைத்திருந்தார்கள்.

தினமும் சாயங்காலம் மகளின் சாப்பாட்டு டப்பா வழித்து வைத்த மாதிரி வந்ததைச் சித்தாள் நினைத்தாள். பிள்ளை நன்றாகத் தின்கிறாளே என்று சந்தோஷப்பட்டு, தன் பங்கில் குறைத்து ஒரு ரொட்டி கூட வைத்தவள் அவள்தான்.

"அப்ப நாங்கதான் கொன்னோமா?" என்றாள் குருவி.

சித்தாள் டீச்சரைப் பார்த்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லேன், உனக்குப் புண்ணியமாகப் போகும் என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

"அதுவும் ஒரு காரணம்" என்றாள் டீச்சர். "கால் மடங்கினது யார் தப்பும் இல்ல. ஆடு கொழுக்கறதை நான் பாத்தேன். வயித்துல குட்டி வளருதுன்னு சும்மா இருந்துட்டேன். உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரிஞ்சிருக்கணும். அதனால என் தப்புதான் பெருசு."

குருவி ஓவென்று அழுதாள். சித்தாளுக்குச் சுரீர் என்றது. "சின்னப் பிள்ளைகிட்டப் பேசற பேச்சா இது?"

"கேட்டாளே" என்றாள் டீச்சர்.

சித்தாள் குட்டியைப் புதைக்க எழுந்தாள். மூலையில் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு தோட்டத்து வேலி ஓரம் போனாள்.

மண் காய்ந்து கல்லாகக் கிடந்தது. அவள் குத்தக் குத்த, குருவி மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்து மண்வெட்டியால் மண்ணை ஒதுக்கினாள். தொடாதே என்று சொல்ல வாயெடுத்த சித்தாள், அவளுக்கு இடம் விட்டு நகர்ந்து நின்று குத்தினாள். நாய் தோண்டாத ஆழம் போனதும், குழியின் விளிம்பைச் சுற்றிலும் சரிவாகச் செதுக்கினாள்.

"ஏம்மா சரிச்சு வெட்டற?"

சித்தாள் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நின்றாள். அப்பா எங்கே என்று கேட்கும்போதெல்லாம் வானத்தைக் காட்டியே இந்தப் பிள்ளையை வளர்த்திருந்தாள்.

"நேரா வெட்டினா மண்ணு சரியும். உங்கப்பா மேல அப்படித்தான் சரிஞ்சுது. குழி ஆழமா இருந்தா பலகை வெச்சு முட்டுக் குடுக்கணும். மேஸ்திரிக்கு அது தெரியும். வெக்கல."

குருவி மண்வெட்டியைக் கீழே வைத்தாள். "அப்பாவுக்கு வலிச்சிருக்குமா?"

"வலிச்சிருக்கும்."

இரண்டு பேருமாகக் குட்டியை உள்ளே வைத்து மூடினார்கள்.

டீச்சர் வெந்நீர்ச் சட்டியோடு வந்தாள். "நாளையிலேருந்து டவுன்லன்னு கேள்விப்பட்டேன். கூட்டிட்டுப் போங்க. நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

"நஞ்சுக்கொடி விழுந்துச்சா?" என்று கேட்டாள் சித்தாள்.

"இன்னும் இல்ல."

அவள் கொட்டகைக்குப் போய் மகாராணியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். டாக்டர் வரும்வரை தாயும் மகளும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலையில் டப்பாவை மூடப்போனவள், கூட வைத்திருந்த ஒரு ரொட்டியை எடுத்துத் தன் டப்பாவில் போட்டுக்கொண்டாள்.

"இது பூரா உனக்கு. ஆட்டுக்கு டீச்சர் போடறது மட்டும்தான். தெரியுதா?"

குருவி தலையாட்டினாள். வாசலுக்கு வந்ததும் டவுன் பஸ் நிற்கும் பக்கம் ஒரு தடவை பார்த்தாள்.

"அங்க என்ன பார்வை? நேரமாச்சு, நட" என்றாள் சித்தாள், கொட்டகைக்குப் போகிற பாதையில் இறங்கிக்கொண்டே.