சிவப்புத் துணி கட்டிய பட்டமரம்

இரவு ஷிஃப்ட் முடிந்து வந்த லீச்சூ பின்கதவைத் திறந்ததும் நாற்றம்தான் முதலில் முகத்தில் அடித்தது. பட்டுப்போன ஆலமரத்தின் அடியில் யாரோ படைத்துவிட்டுப் போன பன்றிக்கறி வியர்த்துக் கிடக்க, பச்சை ஈக்கள் மொய்த்தன. அழுகிய கொய்யா, கவிழ்ந்த அரிசிச் சாராயம், ஈரச் சாம்பல். மீன் உருண்டை ஆலையில் செதிலுக்கும் குடலுக்கும் நடுவே விடிய விடிய நின்று வந்தவளே மூக்கைப் பொத்திக்கொண்டாள். மரம் அவள் வீட்டுடையது. அசிங்கம் தெருவுடையது.

பக்கத்து வீட்டுச் சாய் ஒருநாள் அந்த மரப்பட்டையில் மாவைத் தடவி, கோடுகளில் எண்களாகத் தெரிந்தவற்றுக்கு லாட்டரி எடுத்தார். ஏதோ பரிசு விழுந்தது. மரம் சாமியாகிவிட்டது. இடுப்பில் சிவப்புத் துணி கட்டினார்கள். சாமி சேற்றில் நிற்கலாமா என்று வேர் மூடச் சிமெண்டு மேடை போட்டார்கள். வேர் மூச்சு முட்டி மரம் செத்தது. கொன்ற கையாலேயே இன்னமும் ஊதுவத்தி ஏற்றுகிறார்கள். செத்த கிளைகள் நேராகத் தகரக்கூரையின் மேல் சாய்ந்திருந்தன. கூரைக்குக் கீழே பக்கவாதத்தில் விழுந்த அவள் கணவன் தெங்ஃபா படுத்திருந்தான். நாளை புயல் கரையைக் கடக்கும் என்று காலையிலிருந்து டிவி கத்துகிறது.

அவள் வரவழைத்த மரம் வெட்டும் குவோ அண்ணாந்து பார்த்தான்.

"ஏறமாட்டேன் அக்கா. பட்டமரம் கயித்தைத் தாங்காது, அதுவும் நானும் ஒண்ணாத்தான் இறங்குவோம். சந்துல கிரேனை நிறுத்தி, மேலேர்ந்து துண்டு துண்டாக் கட்டித் தூக்கலாம். ஆனா கேட்டீங்களா?"

"யாரை?"

அவன் சிவப்புத் துணியைக் காட்டினான்.

"செத்ததுகிட்ட என்ன கேக்கறது?"

"உத்தரவு வராம ரம்பத்தை ஓட்டினேன்னா என் பொண்டாட்டி என்னை வீட்டுக்குள்ளயே விடமாட்டா."

அதற்குள் சாய், சாமியிடம் உத்தரவு கேட்கப் போடும் இரண்டு பிறைக்கட்டைகளோடு வந்துவிட்டார். பின்னால் பாதித் தெரு. லீச்சூ முழந்தாளிட்டு, வெட்டலாமா என்று கேட்டுக் கட்டைகளைப் போட்டாள். ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாந்தும் விழுந்தால் சம்மதம். இரண்டுமே மல்லாந்தன.

"சாமி சிரிக்குது, உத்தரவு தரல," என்றாள் ஒருத்தி.

மறுபடி போட்டாள். மறுபடியும் சிரிப்பு. முழங்காலில் கறிநெய் ஒட்டியது. எழுந்து இந்தக் கட்டைகளாலேயே எல்லோர் பல்லையும் தட்டிவிடலாம் போலிருந்தது.

சாய் குனிந்தார். வாயிலிருந்து பாக்கு, பூண்டு வாடை வீசியது. "கேள்வியே தப்பும்மா. அடிமரத்தோட சாய் வீட்டுக்குக் குடிவர்றியான்னு கேளு."

"உங்க வீட்டுக்கா?"

"புயல் வருதே. உன் புருஷன் மேல விழுந்தாத் தேவலையா?"

அந்த முகத்தில் துளி வெட்கமில்லை. லீச்சூ கேட்டாள். ஒன்று குப்புற, ஒன்று மல்லாந்து.

"சாமிக்கும் பெரிய வீடுதான் பிடிக்குது," என்று முணுமுணுத்த குவோ கிரேனுக்குப் போன் போட்டான்.

தெங்ஃபாவைச் சக்கர நாற்காலியில் சந்துக்குக் கொண்டுவந்தார்கள். கூரைமேல் அடி தாங்கப் பழைய டயர்கள். சுற்றிலும் யாரும் நுழையாதபடி கயிறு. குவோ கிரேன் தொட்டிலில் நின்று, ஒவ்வொரு துண்டையும் முதலில் கட்டி, பிறகே அறுத்தான். முதல் துண்டுகள் சந்தில் இறங்கின. அறுத்த முகமெல்லாம் கறையான் தின்ற கோடுகள், எண்கள் எழுதினாற்போல. சாய்க்கு அது போதும். கயிற்றைத் தாண்டி ஓடினார். தெரு பின்னாலேயே ஓடியது.

"ஏழு!"

"கண்ணு அவிஞ்சுபோச்சா? அது ஒண்ணு!"

"மாவு எங்கடா?"

"வெளிய போங்க! இறக்க இடமில்ல!" தொட்டிலிலிருந்து குவோ கத்தினான். அவன் இப்போதுதான் அறுத்திருந்த பெருங்கிளை கொக்கியில் தொங்கியது. காற்று ஏறத் தொடங்கியிருந்தது. கிளை மெல்லச் சுழன்று கூரைப்பக்கம் போனது, திரும்பிச் சந்துப்பக்கம் வந்தது.

ஒருவரும் நிமிரவில்லை. நாற்காலியருகில் நின்ற லீச்சூ எட்டிச் சாயின் பனியனைப் பிடித்து இழுத்தாள். எண்ணெய்ப் பிசுக்கில் கை வழுக்கியது. அவர் திரும்பிப் பார்க்காமலே ஒரு மரச்சில்லைப் பின்னால் நீட்ட, அது தெங்ஃபாவின் மடியில் விழுந்தது.

அவன் குனிந்தான். நல்ல கையின் கட்டைவிரலைக் கோணிய வாயில் நனைத்து, சில்லின் மேல் மெதுவாகத் தேய்த்தான். வாயோரம் எச்சில் ஒழுகியது. கண்ணைச் சுருக்கி, எண் தெரிகிறதா என்று பார்த்தான்.

லீச்சூவின் கை நாற்காலிப் பிடியில் இருந்தது; நாற்காலி நகரவில்லை. கிளையின் நிழல் அவர்கள் எல்லோர் முதுகையும் தடவிக்கொண்டு போயிற்று, வந்தது.