கீழே நிற்பவன்

உப்புப் பை திரைச்சீலைக் கம்பியிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. கம்பிக்கு மேலாகப் போன கயிற்றின் மறுமுனையைப் பிடித்தபடி அவள் கணவர் முதுகு வளையாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். துறைமுகத்தில் கிரேனின் கண்ணாடி அறைக்குள்ளும் அவர் அப்படித்தான் உட்காருவார். பைக்கு நேர் கீழே, துணி ஊறவைக்கும் அகலமான தொட்டி காலியாக இருந்தது. அதன் நடுவே சிவப்பு நிறத் துணி கிளிப் ஒன்று செங்குத்தாக நின்றது. தொட்டிதான் கப்பலின் வயிறு. கிளிப் அவளுடைய தம்பி.

கிளிப்பை அங்கே நிறுத்தியவனும் அவன்தான். ஒல்லி உடம்பு, எப்போதும் ஒரு காலில் பாரம் போட்டு நிற்பான் என்பதால் துறைமுகத்தில் அவனுக்குக் கொக்கு என்று பெயர். "இதான் நானு, மாமா. பாத்து எறக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். கப்பலுக்குள் இறங்கி நின்று, வாக்கி டாக்கியில் குரல் கொடுத்து, மேலேயிருந்து வரும் சுமையை வழிநடத்துவது அவன் வேலை. மேலே மாமா, கீழே மைத்துனன் என்று பல வருடங்கள் ஓடியிருந்தன. மாமா படுத்த பிறகு அவன் கப்பலுக்குள் இறங்கவே இல்லை. வேறு எவனையும் நம்பித் தலையைக் கொடுக்க முடியாது என்று மேல்தளத்தில் வேலை கேட்டு வாங்கிக்கொண்டான்.

மழை தொடங்கிய நாட்களில் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. கையும் காலும் திரும்பி வந்தன. பேச்சும் வந்தது. காதில் விழும் சொற்கள்தான் சில சமயம் பொருளை வழியில் தொலைத்துவிட்டு வந்து நின்றன. கிரேன் வேலையில் எல்லாமே ஆங்கிலச் சொற்கள். பெரும்பாலானவற்றுக்கு ஒரே பொருள், அவை சீக்கிரம் வீடு திரும்பிவிட்டன. ஒன்று மட்டும் முரண்டு பிடித்தது. கப்பலுக்குள் சரக்கு இறங்கும் பள்ளத்துக்குப் பெயர் ஹோல்டு. சுமையை அந்தரத்தில் அப்படியே நிறுத்து என்பதற்கும் ஹோல்டுதான். முன்னும் பின்னும் வருவதை வைத்து எது என்று நொடியில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

"ரெண்டும் ஒரே வார்த்தைன்னே எனக்குத் தோணினதில்ல" என்று அவர் ஒருநாள் சொன்னார். "வேற வேறன்னுதான் இருந்துச்சு. இப்ப ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்துக்கிச்சு."

நாளை துறைமுக டாக்டர் அவரைப் பார்க்கிறார். தேறினால் மறுபடி கிரேன். இல்லையென்றால் கிடங்கு வாசலில் ஒரு நாற்காலி. அந்த நாற்காலியைப் பற்றிப் பேச்சு வந்தாலே அவர் எழுந்து ஜன்னலருகே போய் நின்றுகொள்வார். அங்கிருந்து பார்த்தால் கூரைகளுக்கு மேலே கிரேன்களின் தலைகள் மட்டும் தெரியும்.

கொஞ்ச நாட்களாக அவர் தவறவே இல்லை. "ரெண்டாம் ஹோல்டுல எறக்கு" என்று அவள் சொன்னால் பை தொட்டிக்குள் இறங்கியது. "எறக்கு, ஹோல்டு" என்றால் கிளிப்பின் தலைக்கு மேலே நின்றது. அன்று மாலை அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, திரும்பாமல், கைகள் சோப்பு நுரைக்குள் இருக்க, சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எறக்கு." கயிறு கம்பியில் உரசியது. "எறக்கு. ஹோல்டு."

தொட்டியில் சத்தம் கேட்டது. திரும்பினாள். கிளிப்பின் ஒரு கால் முறிந்து, மீதி பையின் அடியில் கிடந்தது.

"கயிறு நழுவிடுச்சு" என்று அவள் முகத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"ஆமா, ஈரக் கயிறு" என்றாள். கயிறு காய்ந்துதான் இருந்தது.

கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே நின்று மறுபடி சொன்னாள். பை சரியாக நின்றது. அப்போதுதான் தன் வலது கையைக் கவனித்தாள். அது நெஞ்சுக்கு நேராக எழுந்து முஷ்டியாக மூடியிருந்தது. சாப்பிட உட்கார்ந்தபடி வேலைக் கதை சொல்லும்போது, நிறுத்து என்பதற்குத் தம்பி செய்யும் சைகை அது. எப்போது தன் கைக்கு வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு இன்னொரு முறை சொல்லிப் பார்த்தாள். பை மெதுவாக, மிகக் கவனமாக, தொட்டிக்குள் போய் உட்கார்ந்தது. சரியாகச் செய்துவிட்ட நிம்மதி அவர் முகத்தில் இருந்தது. அந்த நிம்மதிதான் அவளைக் கலக்கியது.

சாப்பிட வந்த தம்பி தொட்டியை எட்டிப் பார்த்தான். "என்னக்கா, அதுக்குள்ள என் கதைய முடிச்சிட்டீங்களா?" அவர் சிரித்தார். மாப்பிள்ளைக்கு எப்போதுமே நிற்கத் தெரியாது என்றார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் கிளம்பும்போது படிவரை கூடவே போய், கப்பலுக்குள் நிற்கும்போது அவன் கை மேலே இருப்பவருக்குத் தெரியுமா என்று கேட்டாள்.

"கையா? உள்ள பாதாளம்க்கா. என் தலையே தெரியாது. நான் சொல்லணும், மாமா கேக்கணும். அவ்ளோதான்." செருப்பை மாட்டியவன் நிமிர்ந்தான். "ஏன் கேக்குற?"

"சும்மாதான்."

உள்ளே வந்தபோது அவர் நாளைக்கான சட்டையைத் தானே தேய்த்துக்கொண்டிருந்தார். காலர் மடிப்பில் விரலை வைத்து நிதானமாக அழுத்தினார். சொல்லிவிட வேண்டும் என்று பக்கத்தில் போனவள், சட்டையை வாங்கி ஹேங்கரில் மாட்டிவிட்டுப் படுக்கப் போனாள்.

மறுநாள் டாக்டர் சளி பிடித்த குரலில் அவளையும் கூட உட்காரச் சொன்னார். மேசைமேல் இரண்டு படங்களை வைத்தார். ஒன்றில் கப்பலின் உட்பள்ளம், மற்றதில் கொக்கியில் அசையாமல் தொங்கும் சுமை. தான் சொல்வது எது என்று காட்டினால் போதும், அவசரமில்லை என்றார்.

"இறக்கு. ஹோல்டு."

அவர் டாக்டரைப் பார்க்கவில்லை. பக்கவாட்டில், அவள் மடியைப் பார்த்தார். அவள் விரல்கள் உள்நோக்கி மடியத் தொடங்கியிருந்தன. இன்னும் கொஞ்சம் மடிந்தால் போதும், அடுத்த வாரமே அவர் மேலே ஏறிவிடுவார். தம்பியும் கீழே இறங்குவான். அவள் இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் நுழைத்து, அவற்றின் மேலேயே அழுந்த உட்கார்ந்துகொண்டாள்.

அவர் காத்திருந்தார். பிறகு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். கயிறு நழுவியது என்று நேற்று சொன்னபோது பார்த்த அதே பார்வை. மெல்லத் திரும்பி, கண்களை மூடிக்கொண்டார்.

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார்.

டாக்டர் சொன்னார். அவர் கை எழுந்து, முன்னே போய், இரண்டு படங்களுக்கும் மேலே அந்தரத்தில் நின்றது.