ஒரு நாள் குறைந்த நாற்பது

நோன்புக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே செய்யது மீரான் அதற்குத் தயாராக ஆரம்பித்துவிட்டான். அவனைத் தெரிந்தவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஜும்மாவுக்கே கடைசி வரிசையில் வந்து நின்று, எல்லோருக்கும் முன்னால் செருப்பைத் தேடுகிற ஆள். ஹவுரா பக்கத்தில் சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் வேகன் ஃபிட்டர். மேலப்பாளையத்தில் பிறந்து, இருபது வயதில் ரயில்வே வேலைக்கு இங்கே வந்து, இருபது வருடத்தில் வங்காளம் பேசவும் பங்ளா குடிக்கவும் பழுதில்லாமல் கற்றுக்கொண்டவன். பங்ளா என்றால் அங்கே நாட்டுச்சாராயம்.

அவனுக்குத் திடீரென்று பக்தி முற்றிவிடவில்லை. அவனுடைய மகள் அவனோடு பேசி ஒரு வருடம் ஆகப்போகிறது. அதுதான் காரணம்.

போன நோன்பில் நடந்தது அது. அந்த வருடமும் எப்போதும்போல, பிறை கண்ட இரவு வரை குடித்துவிட்டு மறுநாள் காலையில் நல்லவனாகிவிடலாம் என்று நினைத்தான். உடம்பு அப்படி நினைக்கவில்லை. நான்காம் நோன்பில் கை ஸ்பானரைப் பிடிக்க மாட்டேன் என்றது. மத்தியானம் இரண்டு மணிக்கு யார்டுக்குப் பின்னால் போய் ஊற்றிக்கொண்டான். சாயங்காலம் ஷமீமா, அப்போது பதினொரு வயது, வாப்பா நோன்பு திறக்கக் கஞ்சியைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு யார்டு கேட்டுக்கு வந்தாள். அவளுக்கு அது முதல் நோன்பு வருடம். கேட்டுக்குப் பக்கத்தில் அவன் வாயைத் திறந்துகொண்டு கிடந்தான். வேட்டி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். யார்டின் கூலியாட்களான கலாசிகள் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். பாங்கு சொல்லும்போது அந்தப் பிள்ளை சட்டியை அவன் தலைமாட்டில் வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய் பச்சைத் தண்ணீரில் நோன்பு திறந்தது.

அன்றோடு பேச்சு நின்றது. "உம்மா, அவங்களுக்குச் சோறு வேணுமான்னு கேளு" என்பாள், அவன் எதிரிலேயே. அவன் மனைவி மைமூன் பிள்ளையை அடித்துப் பார்த்தாள், கொஞ்சிப் பார்த்தாள். பெருநாளைக்குப் பிறகு ஒரு நாள், அவன் காதுபடவே பிள்ளை தாயிடம் சொன்னாள்: "முப்பது நோன்பும் பிடிக்கட்டும். அப்பறம் வாப்பான்னு கூப்பிடுறேன்."

பதினொரு வயதுப் பிள்ளையின் வார்த்தைதானே என்று விட்டுவிட அவனால் முடியவில்லை. அவள் வைராக்கியம் யாரிடமிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியும். மைமூன் வழி அது.

முப்பது நோன்பு பிடித்தால் மட்டும் போதாது, அது கூடவும் வேண்டும், அல்லாஹ்விடம் ஏற்கப்படவும் வேண்டும் என்று மீரான் யோசித்தான். குடித்தவனின் தொழுகை நாற்பது நாளைக்கு ஏற்கப்படாது என்று சின்ன வயதில் ஓதப்போன இடத்தில் கேட்டிருந்தான். ஊரில் குடிக்கிறவர்கள் உண்டு, இல்லை என்று சொன்னால் பொய். அவர்கள்கூட நோன்புக்கு நாற்பது நாள் முன்னால் பாட்டிலைக் கண்ணால் பார்க்க மாட்டார்கள். தொழுகை கூடாதவனுக்கு நோன்பு மட்டும் எங்கே கூடப்போகிறது என்பது மீரானுடைய சொந்தத் தீர்ப்பு. ஒரு ஆலிமிடம் கேட்டிருக்கலாம். கேட்டால், இதை ஏன் கேட்கிறாய் என்று அவர் திருப்பிக் கேட்பாரே. அதனால் யாரிடமும் கேட்கவில்லை. மைமூனிடமும் சொல்லவில்லை. தானே முஃப்தி, தானே குற்றவாளி.

நோன்புக்கு முந்தைய மாதமான ஷஃபான் இருபத்தொன்பதிலேயே பிறை தெரிந்துவிட்டாலும் சரியாக நாற்பது வரும்படி பின்னோக்கி எண்ணினான். கடைசியாகக் குடிக்கக்கூடிய நாள் விஸ்வகர்மா பூஜையில் வந்து விழுந்தது. சைத்தானே காலண்டரைப் புரட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்த நாள்! அன்றைக்கு யார்டில் சுத்தியலுக்கும் ஜாக்கிக்கும் பூப்போட்டு, பட்டம் விட்டு, ஆட்டுக்கறி சோறு தின்று, பொழுது சாய்ந்தால் ஃபோர்மேன் முதல் கலாசி வரை மிதப்பார்கள். மீரானும் மிதந்தான். இனிமேல் இல்லை என்ற துக்கத்தில் ராத்திரி பத்து மணி வரை மிதந்தான்.

மறுநாளிலிருந்து நரகம். மூன்றாம் நாள் சுவரெல்லாம் எறும்பு ஊர்வதுபோல் தெரிந்தது. தட்டித் தட்டி உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம். பாய் நனையும்படி வேர்த்தது. மைமூன் மலேரியா என்று நினைத்து ரயில்வே ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாள். அவன் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். பத்தாம் நாள் கை நடுக்கம் நின்றது. அதன் பிறகு திங்களும் வியாழனும் பழக்கத்துக்காக நோன்பு வைத்துப் பார்த்தான். துர்கா பூஜையின் நாலு நாளும் பந்தல் பந்தலாக வாசனை அடிக்க, டபுள் டியூட்டி கேட்டு வாங்கி வேகனுக்கு அடியிலேயே கிடந்தான்.

மைமூன் தன் பங்குக்குப் பச்சரிசியைக் களைந்து குவார்ட்டர்ஸ் மாடியில் காயப்போட்டாள். பாசிப்பருப்பை வறுத்து டப்பாவில் அடைத்தாள். தொழுகை விரிப்புகளைத் துவைத்தாள். புருஷனின் கண்ணில் வெள்ளை தெரிவதைப் பார்த்தாள், அவன் சோறு கேட்டு வாங்கித் தின்பதைப் பார்த்தாள். கண்பட்டுவிடுமோ என்று வாயைத் திறக்கவில்லை.

அப்படி இருபத்தைந்து நாள் ஓடி, ஷஃபான் நடுவில் வரும் பராஅத் இரவு வந்தது. குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை மூன்று முறை ஓதி முடித்து, மைமூன் ரொட்டியும் வாழைப்பழமும் எடுத்து வைத்தாள். அவன் தின்றுகொண்டிருந்தான். ஷமீமா சுவர்க் காலண்டரைப் பார்த்துவிட்டுத் தாயிடம் கேட்டாள்:

"உம்மா, பராஅத்து ஷஃபான் பதினஞ்சுன்னு சொன்னியே. இன்னிக்கு பதினாலுதானே போட்டிருக்கு?"

"பதினாலு மஃரிபோட முடிஞ்சு போச்சும்மா. நமக்கு ராவு முந்தி, பகலு பிந்தி. பொழுது அடஞ்சா தேதி மாறிரும்லா?"

மீரானுக்கு வாயில் இருந்த ரொட்டி இறங்கவில்லை.

அவனுக்குத் தெரியாததா? வியாழக்கிழமை ராத்திரியை வெள்ளி இரவு என்று சொல்லி வளர்ந்தவன். ஆனால் குடிக்கு மட்டும் அவன் ரயில்வே கடிகாரத்தை வைத்திருந்தான். அதில் நள்ளிரவு பன்னிரண்டுக்குத்தான் தேதி மாறும். விஸ்வகர்மா பூஜையன்று சூரியன் மறைந்த பிறகு அவன் குடித்தது முழுக்க மறுநாள் கணக்கு. நாற்பதின் முதல் நாளையே குடித்துத் தீர்த்திருக்கிறான்! எண்ணினால் முப்பத்தொன்பதுதான் வருகிறது. எறும்பும் வேர்வையும் பந்தல் வாசனையும் எல்லாம் வீண்.

"ஏங்க, என்ன செய்யுது?" என்றாள் மைமூன்.

"ஒண்ணுமில்ல. பழம் அடைக்குது" என்றான்.

மறுநாள் யார்டில் மாரியப்பனிடம் பேச்சுக் கொடுத்தான். மாரியப்பன் தென்காசிக்காரன், அடுத்த குவார்ட்டர்ஸ், அதே கேங்கில் ஃபிட்டர், அதே பாட்டிலில் பங்காளி. ஆனால் கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்கு மாலை போட்டுவிடுவான். அப்போது அவனைப்போல் சுத்தபத்தமான ஆளை ஹவுரா ஜில்லாவில் பார்க்க முடியாது.

"ஏ மாரி, மாலை போட்ட பொறவு ஒரு நாளு தப்பு நடந்துபோச்சுன்னா என்ன செய்வீங்க?"

"என்ன செய்ய? மாலையக் கழத்திர வேண்டியதுதாம். அந்த வருசம் மலைக்குப் போவ முடியாது. எதுக்குலே கேக்க?"

"சும்மா கேட்டேன்."

ஐயப்பனுக்குச் சொன்ன சட்டத்தை அல்லாஹ்வுக்கும் பொருத்திக்கொண்டு மீரான் திரும்பினான். குழம்பிய மனது கிடைத்த கயிற்றையெல்லாம் கழுத்தில் மாட்டிப் பார்க்கும்.

அவனுக்கு ஒரே ஒரு வழி மிச்சம் இருந்தது. ஷஃபான் முப்பது நாள் ஓடிவிட்டால் நோன்பு ஒரு நாள் தள்ளிப்போகும். நாற்பது நிறைந்துவிடும். இருபத்தொன்பதாம் நாள் சாயங்காலம் பிறை தெரியாமல் இருந்தால் போதும். மாரியப்பனிடம் பேசிய நாளிலிருந்து ஐந்து வேளையும் பள்ளிவாசலுக்குப் போனான். ஏற்கப்படாத தொழுகை என்று அவனே நம்பிய தொழுகையில் நின்று, கையேந்தி, "ரப்பே, மேகத்தைக் கொடு" என்று அழுதான். ஊரே பிறைக்கு ஏங்கியபோது அவன் ஒருவன் மட்டும் மேகத்துக்கு ஏங்கினான். பக்கத்தில் நின்ற பிஹாரிக் கிழவர் இவன் கண்ணீரைப் பார்த்து ஆமீன் சொன்னார். எதற்கு ஆமீன் சொல்கிறோம் என்று தெரிந்திருந்தால் தடியால் அடித்திருப்பார்.

காளி பூஜை முடிந்து இரண்டு நாள். பந்தல்காரர்கள் மூங்கிலை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். தண்டவாளத்து ஓரமெல்லாம் வெடிக் காகிதம். இருபத்தொன்பதாம் நாள் வானம் காலையில் மூடியிருந்தது. அவனுக்கு உயிர் வந்தது. மூன்று மணிக்குக் காற்று திரும்பியது. ஐந்து மணிக்கு மேற்கே, கழுவிவிட்ட தட்டாக வானம் பளிச்சென்று கிடந்தது.

அவன் மாடிக்குப் போகவில்லை. மாரியப்பன் வீட்டுப் பின்வாசலில், சிமெண்டுத் தரையில், தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். பார்க்காவிட்டால் இல்லை என்று ஆகிவிடுமா? பள்ளியின் ஒலிபெருக்கி கரகரத்தது. பிறை தெரிந்துவிட்டது, ரமலான் முபாரக் என்று உருதுவில் சொன்னார்கள். மாடிகளில் பிள்ளைகள் கத்தினார்கள். அவன் நிமிர்ந்தான். பிறை தெளிவாக, யாரும் சந்தேகப்பட முடியாதபடி நின்றது.

"முப்பத்தொம்பது" என்றான்.

"என்னதுலே?" என்று கேட்டுக்கொண்டு மாரியப்பன் வெளியே வந்தான்.

மீரான் எல்லாவற்றையும் கொட்டினான். நாற்பதை, எறும்பை, பொழுதடைந்த பிறகு குடித்ததை. "செல்லாத நோன்பு முப்பதைப் பிடிச்சுக் காட்டி எம் பிள்ளைகிட்ட வாப்பான்னு பேரு வாங்கணுமா? அது களவுல்லா, மாரி? குடிகாரனா இருந்துட்டுப் போறேன். களவாணியா இருக்க மாட்டேன்." அழுகையில் வார்த்தை உடைந்தது. "காளி பூசைக்கு வாங்குனதுல மிச்சம் இருக்கும்லா. எடு."

"வேண்டாம்லே. இம்புட்டு நாளு இருந்துட்ட."

"இருந்து என்ன? மாலையக் கழத்திரணும்னு நீதான சொன்ன?"

மாரியப்பன் எடுக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. மீரானே உள்ளே போய் அலமாரிக்குப் பின்னால் இருந்த பாட்டிலை எடுத்து, தண்ணீர்கூடக் கலக்காமல், நின்றபடியே அரை டம்ளரை விழுங்கினான். தொண்டை எரிந்தது. முப்பத்தொன்பது நாள் கட்டியதை இடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

டம்ளரைக் கீழே வைத்தபோது பின்வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. ஷமீமா. தலையில் வெள்ளை முக்காடு, ஓடிவந்ததில் மூச்சு வாங்கியது. பிறை பார்த்ததும் பெரியவர்களைத் தேடிப்போய் ஸலாம் சொல்வது அவர்கள் வீட்டு வழக்கம்.

"அஸ்ஸலாமு அலைக்கும், வாப்பா."

மீரான் திரும்பிப் பார்த்தான். அவள்தான் கூப்பிட்டாள், அவனைத்தான். நேராகக் கூப்பிட்டாள்.

"உம்மாகிட்ட கேட்டுட்டுத்தான் வந்தேன்" என்றாள். ஒரு வருடமாக அடைத்து வைத்த பேச்சு முண்டியடித்துக்கொண்டு வந்தது. "நோன்பு முடிஞ்சுதான் பேசணும்னு இருந்தேன். ஆனா வாப்பா இப்போ குடிக்கிறதே இல்ல, எனக்குத் தெரியும். எத்தனையோ நாளாச்சு, நான் எண்ணல. அதான் இன்னிக்கே சொல்லிடலாம்னு…"

அவன் வாயை இறுக மூடிக்கொண்டான். ஸலாமுக்குப் பதில் சொல்லியாக வேண்டும், கடமை அது. வாயைத் திறந்தால் வாடை அடிக்கும். திறக்காவிட்டால் பிள்ளை என்ன நினைக்கும்? தோள் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினான். ஒரு அடி பின்னால் நகர்ந்தான்.

"வாப்பா? கோவமா?"

அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். இன்னொரு அடி. பிறகு நின்றாள்.

மாரியப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஷமீமா டம்ளரைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள், துண்டுக்கு மேலே தெரிந்த தகப்பனின் கண்ணைப் பார்த்தாள். அவள் அழவில்லை. ஓடவும் இல்லை. கோபப்பட்டிருந்தால் அவன் தாங்கியிருப்பான். பிள்ளையின் முகம் அந்தக் கொஞ்ச நேரத்தில் வயதாகிப்போனதைத்தான் அவனால் பார்க்க முடியவில்லை.

பள்ளியில் தராவீஹ் இரவுத் தொழுகைக்கு வரச்சொல்லி மறுபடியும் ஒலிபெருக்கி கூப்பிட்டது. அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"நோன்பு வைக்க, சஹர் சோத்துக்கு எழுப்பணுமா, வேண்டாமா?" என்று கேட்டாள்.

கணக்குக் கேட்கவில்லை அவள். எத்தனை நாள் குறைகிறது, எது கூடும், எது கூடாது, ஒன்றும் கேட்கவில்லை. மீரான் துண்டை எடுத்தான். வாடை அடித்தால் அடிக்கட்டும் என்று வாயைத் திறந்தான்.

"வ அலைக்குமுஸ்ஸலாம்" என்றான். குரல் கிழிந்து வந்தது. "எழுப்பும்மா. எந்திரிக்கலேன்னா மூஞ்சில தண்ணியக் கோரி ஊத்து."